பிடுங்க இரண்டு ரூபா, அடைக்க எழுபத்தைந்து சதம்

பதுளையில் நான் வேலை பார்த்த மிஷன் மருந்தகத்தின் பல் அறையில், மருந்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளின் பல் வைத்தியத்துக்கு நலநிதி எங்களுக்குத் தரும் கட்டணம் அதில் தட்டச்சில் அடிக்கப்பட்டிருந்தது. பல் ஒன்று பிடுங்க இரண்டு ரூபா. பல் ஒன்று அடைக்க எழுபத்தைந்து சதம். பரிசோதிக்க ஒன்றுமில்லை, சுத்தம் செய்ய ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு குறிப்பு: பிடுங்கிய பல்லைப் பிள்ளையின் பெயர் எழுதிய உறையில் இட்டுப் பட்டியலுடன் ஒப்படைக்க வேண்டும், உறை இல்லையேல் கட்டணம் இல்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு மாறிக்கொண்டிருந்தன. தோட்டப் பள்ளிக்கூடங்கள் இன்னும் மாறவில்லை. அதனால் அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பல் வைத்தியம், லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. பசறைக்கு அப்பால் இருந்த ஒரு தோட்டத்தில் தொழிலாளர் சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் பிடித்து ஒரு நலநிதி நடத்தினார்கள். அந்த நிதி எங்கள் மருந்தகத்தோடு ஓர் ஏற்பாடு செய்திருந்தது. வியாழக்கிழமைகளில் தோட்டத்து லொறி பிள்ளைகளை ஏற்றி வரும். துண்டு இருக்கும் பிள்ளை மட்டும் ஏறலாம். துண்டு என்பது தோட்டத்து அலுவலகத்தில் கிளாக்கர் எழுதிக் கொடுக்கும் சீட்டு. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், லயத்தின் இலக்கம், வலிக்கும் பல் எந்தப் பக்கம், மேலா கீழா. இவ்வளவும் அவருடைய ரெஜிஸ்டரிலும் ஏறும். பிறகு எங்கள் பட்டியலைப் பார்த்து, அதே வரியின் கடைசிக் கட்டத்தில் என்ன செய்யப்பட்டது என்று எழுதிக்கொள்வார்.

நான் தென்னிந்தியாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், மிஷன் செலவில், இரண்டு வருடம் பல் தாதியாகப் பயிற்சி பெற்றவள். திரும்பி வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்த வரிசை இது: பார், சுத்தம் செய், காப்பாற்று, அடை, எதுவும் முடியாதபோது பிடுங்கு. அலமாரிக் கதவிலிருந்த தாளில் இதே வரிசை தலைகீழாக இருந்தது. கடைசியில் வரவேண்டியதற்கு அதிகக் காசு. முதலில் வரவேண்டியதற்குக் காசே இல்லை.

வந்த முதல் மாதம் ஒரு கணக்குப் போட்டேன். ஓர் அடைப்புக்குத் தேவையான பொருள்கள், துளை போடும் ஊசியின் தேய்மானம், பஞ்சு, ஸ்பிரிட், அரை மணி நேரம். எழுபத்தைந்து சதத்தில் பாதி அடைப்பு கூடத் தேறாது. பிடுங்குவதற்குப் பத்து நிமிடம் போதும். நிரந்தரமான வெள்ளி அடைப்புக்கு வேண்டிய தூள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அந்த வருடங்களில் மா, சீனி, மருந்து எதுவுமே ஒழுங்காக வரவில்லை. கைவசம் இருந்தது ஒரு வெள்ளைத் தூளும் கராம்பு எண்ணெயும்தான். இரண்டையும் குழைத்து அடைத்தால் சில மாதம் நிற்கும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெரியவர்களின் பல்லைப் பார்க்க ஒரு வயதான டாக்டர் வருவார். அந்தக் கணக்கை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்.

"கணக்கு சரிதாம்மா. நீ படிச்ச எடத்துல இந்த மிச்சக் காச யாரோ குடுத்துக்கிட்டு இருந்தாங்க. இங்க யாரு குடுப்பா? நீயா?"

"நலநிதிக்கு எழுதிக் கேக்கலாமே டாக்டர்."

"நான் ரெண்டு தடவ எழுதிட்டேன். மூணாவது நீ எழுது. ஒன் கையெழுத்து என்னுதவிட நல்லாருக்கு."

எழுதினேன். பதில் வந்தது. அடைத்த பல் பிள்ளையின் வாயிலேயே இருப்பதால், வேலை நடந்ததா என்று நிதியால் சரிபார்க்க இயலாது. ஆகவே கட்டணத்தை உயர்த்த வழியில்லை. மரியாதையான கடிதம். அதில் எழுத்துப் பிழைகூட இல்லை.

நிரந்தரப் பல்லைப் பிடுங்க எனக்குச் சட்டப்படி உரிமை இல்லை. ஆனால் லொறி வரும் வியாழனும் டாக்டர் வரும் நாளும் ஒத்துப்போவதில்லை. "நீயே பாத்துக்க, நான் கையெழுத்து வைக்கிறேன்" என்று வந்த வாரமே சொல்லிவிட்டார். ஆகவே நானே பிடுங்கினேன். விறைப்பு ஊசி, குறடு, பஞ்சு, உறை. பிள்ளைகள் பிடுங்கும்போது அழுததைவிட உறையைப் பார்த்து அழுததுதான் அதிகம். விழுந்த பல்லைச் சாணியில் உருட்டி லயத்துக் கூரையில் எறிய வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பல் ஆபீசுக்குப் போகிறது என்றால் அவர்களுக்கு எப்படிப் புரியும்?

"அழாத சாமி. பெரிய ஆபீசுல கேக்குறாங்களாம்" என்று ஒரு தாய் பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே போவாள்.

"என்னாத்துக்காம்? தொர மாலை கோத்துப் போடப் போறாரா?" என்பாள் வெளியே நீள வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும் இன்னொருத்தி.

"கிளாக்கரையாவுக்குப் பொய்ப்பல்லு கட்டப் போறாங்களாம். மனுசன் எலும்பு கடிக்கணும்ல?"

வாங்கு முழுவதும் சிரிப்பு எழும். உள்ளே நானும் சிரித்துவிட்டு அடுத்த உறையில் பெயர் எழுதுவேன்.

இப்படி ஏறக்குறைய ஒரு வருடம் போனபின் அந்தப் பிள்ளை வந்தாள்.

அவளுக்கு ஒன்பது வயது. மெலிந்த முகம், கூர்மையான கண். பல் பார்க்கும் கதிரையில் ஏறி உட்கார்ந்ததும் தட்டிலிருந்த கருவிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, "பதினொண்ணு இருக்குங்க" என்றாள். எனக்கு உடனே அவளைப் பிடித்துவிட்டது. கீழ்த்தாடையில் வலப்பக்கம், நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது பல்லில் ஆழமான குழி. வேர்வரை போகவில்லை. பல்லின் சுவர்கள் நான்கும் உறுதியாக இருந்தன. இடப்பக்கம் அதே இடத்தில் பல்லே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன், நான் வருமுன்பே, பிடுங்கியிருந்தார்கள். எதிரே மேல்வரிசையில் இருந்த பல் அந்த வெற்றிடத்தை நோக்கி இறங்கத் தொடங்கியிருந்தது.

ஆறாவது பல்லைப் பற்றித் தாய்மார் எல்லோரும் ஒரே தவறைச் செய்வார்கள். ஆறு வயதில், எந்தப் பால்பல்லும் விழாமல், வரிசையின் பின்னால் அது சத்தமில்லாமல் முளைக்கிறது. மற்றப் பற்கள் இன்னும் பால்பற்களாக இருப்பதால் அதையும் பால்பல் என்றே நினைப்பார்கள். பிடுங்கினால் முளைக்கும் என்று நம்புவார்கள். உண்மையில் வாழ்நாள் முழுவதும் மெல்ல வேண்டிய பல் அதுதான்.

தாய் கொழுந்துக் கூடையின் கயிறு பதிந்த தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள்.

"புடுங்கிருங்க மிஸி. ரா முழுக்க ஒரே கத்து. பால்பல்லுதானுங்களே, மொளைச்சுக்கும்."

"இது பால்பல் இல்லக்கா. இது மொளைக்காது."

"இந்தப் பக்கம் புடுங்குனப்ப மொளைக்கும்னுதான் சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

"லயத்துல எல்லாருந்தான்."

"ரெண்டு வருசமாச்சே. மொளைச்சுதா?"

அவள் பிள்ளையின் முகவாயைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, உள்ளே நீண்ட நேரம் பார்த்தாள். மகளின் வாய்க்குள் அவள் அப்படிப் பார்ப்பது அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"இல்லைங்க" என்றாள். பிறகு, "அப்ப இதையும் புடுங்கிட்டா எந்தப் பக்கம் மெல்லும்? இப்ப ரொட்டிதானுங்களே மூணு வேளையும். அதுவும் கல்லாட்டம். ஊறப்போட்டுக் குடுக்கப் பாலுக்கு எங்க போறது?"

தட்டில் குறடும் இருந்தது, அடைக்கும் கருவியும் இருந்தது.

"அப்பப் புடுங்காதீங்க மிஸி" என்றாள் அவள்.

இவ்வளவு காலத்தில் தோட்டத்திலிருந்து வந்த ஒரு தாய் என்னிடம் அப்படிச் சொன்னது அன்றுதான். பிடுங்காதே என்று என் பயிற்சி சொன்னது, என் கை சொன்னது. கேட்கும் உரிமையுள்ள ஒருத்தியும் சொல்லிவிட்டாள். குழியைச் சுத்தம் செய்து, கராம்பு எண்ணெயில் குழைத்த தூளை வைத்து அடைத்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிள்ளை அசையவில்லை.

பிறகு நான் செய்ததை எந்த அலங்காரமும் இல்லாமல் எழுதிவிடுகிறேன். பின்னறையில், டாக்டர் பெரியவர்களுக்குப் பிடுங்கிய பற்களை நான் ஸ்பிரிட் போத்தல் ஒன்றில் போட்டு வைத்திருந்தேன். அடைத்துப் பழகுவதற்காகப் பயிற்சிக் காலத்திலிருந்தே எனக்கிருந்த வழக்கம் அது. அதிலிருந்து ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்துக் கழுவித் துடைத்து உறைக்குள் போட்டேன். உறையின்மேல் பிள்ளையின் பெயரை எழுதினேன். பட்டியலில், 'கீழ் வலது ஆறு: பிடுங்கப்பட்டது' என்று எழுதினேன். இரண்டு ரூபா. அந்தக் காசில் இன்னொரு பிள்ளைக்கும் சேர்த்துத் தூள் வாங்கலாம்.

தாயிடம் சொன்னேன்: "நாலஞ்சு மாசத்துல திரும்பக் கூட்டிட்டு வரணும். மழை விட்டதும் வாங்க. இத எடுத்துட்டு வேற வச்சு அடைக்கணும். அதுவரைக்கும் அடைச்சிருக்குன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. ஆபீசுல கேட்டா புடுங்கியாச்சுன்னு சொல்லுங்க."

"எங்ககிட்ட யாருங்க வந்து கேக்கப் போறா?"

"கேட்டா?"

"மிஸி சொன்னா சொன்னதுதாங்க. புள்ள மேல சத்தியம்."

அடுத்த மூன்று மாதத்தில் இன்னும் பத்துப் பிள்ளைகளுக்கு அப்படியே செய்தேன். எல்லாம் ஆறாவது பல். எல்லாம் காப்பாற்றக்கூடிய பல். எனக்கென்று ஒரு கொப்பி வைத்துக்கொண்டேன். அதில் உண்மையான பட்டியல் இருந்தது: பெயர், லயம், பல், அடைத்த நாள், திரும்ப வரவேண்டிய நாள். நீல மையில் எழுதி, திரும்ப வரவேண்டிய நாளின்கீழ் சிவப்புக் கோடு போட்டேன். நலநிதிக்குப் போன பட்டியல் பொய், என் பட்டியல் மெய். ஆகவே எல்லாம் என் கைக்குள் இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நாள்களில் நன்றாகத் தூங்கினேன்.

கிளாக்கர் மாதம் ஒருமுறை சம்பளப் பணம் எடுக்கப் பதுளை வங்கிக்கு வருவார். அப்படியே எங்களிடம் ஏறி உறைகளை வாங்கிப் போவார். நல்ல மனிதர். ஒரு மாதம், வாசலில் நின்றபடியே ஓர் உறையைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினார்.

"என்னா மிஸ், இது சின்னப் புள்ளப் பல்லு மாதிரி இல்லையே. கெழவன் பல்லாட்டம் தேஞ்சு போயில்ல இருக்கு?"

என் காது சுட்டது. குரலை மட்டும் மாற்றவில்லை. "அதுங்க கல்லும் மண்ணுமாத்தானே ஐயா திங்குதுங்க. தேயாம என்ன செய்யும்?"

"அதுஞ்சரிதான்" என்று அவர் சிரித்தார். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்குற சாதியா அதுக?"

நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். பொய் சொன்னதைவிட அந்தச் சிரிப்புத்தான் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஐப்பசியில் தொடங்கிய மழை தை பிறந்தும் விடவில்லை. மண் சரிந்து பசறைப் பாதை இரண்டு முறை மூடப்பட்டது. சில வியாழன்களில் லொறி வரவில்லை. கொப்பியில் சிவப்புக் கோடு போட்ட முதல் நாள் கடந்து போயிற்று. மழை விட்டதும் வருவார்கள் என்று இருந்தேன். திரும்பி வருவதற்கும் ஒரு துண்டு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்தத் துண்டை யார் எழுதுவார், எழுதுமுன் எந்த ரெஜிஸ்டரைப் பார்ப்பார் என்பதும் தெரியும். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து நான் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. பட்டியல் போட்டே பழகிய எனக்கு, என் இரண்டு பட்டியல்களும் எங்கே முட்டிக்கொள்ளும் என்பது தெரியாமல் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மருந்தகம் திறக்குமுன், படியில் அந்தத் தாய் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை மடியில் கிடத்திக் கம்பளியால் மூடியிருந்தாள். விலக்கிப் பார்த்தேன். வலப்பக்கத் தாடை கழுத்துவரை வீங்கிப் பளபளத்தது. உடம்பு கொதித்தது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. விழுங்க முடியவில்லை என்று அர்த்தம்.

"எப்பலருந்து?" என்றேன்.

"வலி வந்து இருவது நாளுங்க. அடச்சது மாவாட்டம் பேந்து வந்துருச்சு. துண்டுக்குப் போனேங்க. கிளாக்கரையா பொஸ்தகத்தப் பாத்துட்டு, 'இந்தப் பல்லத்தான் அப்பவே புடுங்கியாச்சே, காசுங் குடுத்தாச்சே, இல்லாத பல்லு எப்பிடி வலிக்கும்'னு கேட்டாருங்க. வெளியில நின்னவங்கள்லாம் சிரிச்சாங்க. மூணு நாள் கழிச்சு மறுபடி போனேன். 'ஒனக்குப் பதுளைக்குப் போயி கடத்தெரு சுத்தணும்னா பஸ்சுல போ, லொறியில போகாத'ன்னு சொல்லிட்டாரு. வீக்கம் வந்தப்பறம் மூணாவது தடவையும் போனேங்க. பொன்னுக்கு வீங்கியா இருக்கும், வேப்பெல வையின்னாரு."

"வாயத் தெறந்து காட்டுனா தெரிஞ்சிருக்குமே. பல்லு இருக்குன்னு சொல்லியிருக்கலாமே அக்கா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு என் கேள்வி விளங்கவில்லை.

"மிஸிதான சொல்லக் கூடாதுன்னீங்க" என்றாள். "நான் யார்கிட்டயும் சொல்லலைங்க. இதுகிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். அவரு கேட்டப்ப வாயக் கெட்டியா மூடிக்கிட்டு நின்னுச்சு."

அவள் என்னைக் குற்றம் சாட்டவில்லை. இரகசியம் வெளியே போகவில்லை, எனக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று தைரியம் சொன்னாள். பஸ் காசுக்கு மூக்குத்தியை அடகு வைத்துவிட்டு வந்திருந்தாள் என்பதை, ஒரு பக்கம் வெறுமையாக இருந்த மூக்கைப் பார்த்து நானாகத்தான் தெரிந்துகொண்டேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே தாமதிக்கவில்லை. தாடைக்குக் கீழே வெளியிலிருந்து வெட்டிச் சீழை எடுத்தார்கள். ஆறாவது பல்லை எடுத்தார்கள், அதன் முன்னால் இருந்த பல்லையும், பின்னால் எலும்புக்குள் முளைக்கக் காத்திருந்த பல்லையும் எடுத்தார்கள். சில வாரங்களுக்குப் பிறகு மறுபடி வெட்டி, செத்துப்போன எலும்பில் ஒரு துண்டையும் எடுத்தார்கள். பிள்ளை பிழைத்தாள். தாடை பிழைக்கவில்லை. வீடு திரும்பும்போது வாய் இரண்டு விரல் அளவு திறந்தது. அப்பியாசம் சொல்லிக் கொடுத்தேன்: மரக்குச்சியைப் பற்களுக்கிடையே வைத்து, நாளுக்கு ஐந்து முறை, எண்ணிக்கையோடு. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது ஒரு விரல் அளவாகக் குறைந்திருந்தது. கஞ்சி குடித்தாள். கன்னத்தின் கீழே சுருங்கிய தழும்பு. பேச்சு குழறியதால் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

முதல் நாளிலேயே நான் அந்தப் பல்லைப் பிடுங்கியிருந்தால், அவள் ஒரு பல்லை இழந்திருப்பாள். அவ்வளவுதான்.

கொப்பியில் இன்னும் பத்துப் பெயர்கள் இருந்தன. பத்து வாய்களில் அதே வெள்ளைத் தூள். ரெஜிஸ்டரில் பத்து வரிகளிலும் 'பிடுங்கப்பட்டது' என்றிருந்தது. அதில் எவருக்கு வலி வந்தாலும் துண்டு கிடைக்காது. பத்துத் தாய்மாரும் சத்தியம் செய்திருந்தார்கள்.

கிளாக்கர் அடுத்த முறை வந்தபோது, கொப்பியை அவர் முன் விரித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மிஸ், இத நீங்க எங்கிட்ட சொல்லல. நான் கேக்கல."

"ரெஜிஸ்டரத் திருத்தணும் ஐயா. காச நான் கட்டிர்றேன். அவ்வளவுதான் கேக்குறேன்."

"காசா பெருசு? அந்தக் கட்டத்துல எழுதுனது நானு. பல்லு சரியா இருக்குன்னு கையெழுத்து வச்சது நானு. ஒரு வரியத் திருத்துனா மேல கேப்பாங்க. கேட்டா எல்லாத்தையும் நோண்டுவாங்க. நோண்டுனா நீங்களும் போயிருவீங்க, நானும் போயிருவேன். ஏற்பாட்டையே நிப்பாட்டிருவாங்க. அப்பறம் வியாழக்கிழம லொறியே வராது. எரநூறு முந்நூறு புள்ளைகளுக்குப் பல்லு வலிச்சா யாருகிட்ட போகும்?"

"அந்த மூணு தடவையும் நீங்க வாயத் தெறந்து பாத்திருக்கலாம்."

"பாத்திருக்கலாம்" என்றார். தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் அந்த வயசுல ஒரு பொண்ணு இருக்கு மிஸ்." பிறகு மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஒரு வழி இருக்கு. அந்தப் பத்துப் பேரையும் நான் லொறியில ஏத்தி விடுறேன். பல்லு சுத்தம் பாக்கன்னு துண்டு எழுதுறேன், அதுக்குக் காசு இல்ல, யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க மெய்யாவே புடுங்கிருங்க. ரெஜிஸ்டர் சரியாயிரும்."

அன்று எனக்கிருந்த மற்ற வழிகளைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். நலநிதிக்கு நானே எழுதி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது: லொறி நின்றுவிடும். பத்துப் பேரையும் துண்டு இல்லாமல் நானே பார்த்துக்கொள்வது: நான் இருக்கும்வரை சரி, அவர்கள் பதுளைக்கு வந்து சேர்ந்தால் சரி. வெள்ளித் தூள் வரும்வரை பொறுப்பது: எப்போது வரும்? ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தேன். கிளாக்கர் சொன்ன வழி மட்டும் மிஞ்சியது. டாக்டர் வந்ததும் நடந்ததையெல்லாம் சொல்லிப் பக்கத்தை அவரிடம் காட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இந்தப் பத்துல எத்தன அடைப்பு இன்னும் ஆறு மாசம் நிக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியாது டாக்டர்."

"நிக்காததுக்கு வைத்தியம் கெடைக்குமா?"

"கெடைக்காது."

அவர் கொப்பியை மூடி என்னிடம் கொடுத்தார். "நீ இங்க இருக்குறப்பவே செஞ்சிரு. நான் வேணும்னா வர்றேன்."

வேண்டாம் என்றேன். நான் தொடங்கியதை அவர் கையால் முடிக்கக் கூடாது.

பத்தில் எட்டுப் பேர்தான் வந்தார்கள். இரண்டு குடும்பங்கள், தோட்டத்து ஆள்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி, அதற்குள் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டிருந்தன. அந்த இரண்டு பிள்ளைகளின் பற்கள் எங்கே, யார் கையில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. எட்டுப் பேரில் மூன்று பேருக்கு அடைப்பு பெயர்ந்து குழி ஆழமாகியிருந்தது. அவற்றைப் பிடுங்குவது கடினமாக இல்லை. மற்ற ஐந்து பேருக்கும் அடைப்பு நான் வைத்தபடியே இருந்தது. விளிம்பில் வெடிப்பு இல்லை. தட்டிப் பார்த்தேன், வலி இல்லை. ஈறு இளஞ்சிவப்பாக, நலமாக இருந்தது. என் வேலையில் அதுவரை நான் செய்த நல்ல அடைப்புகள் அவைதாம்.

நான்கைப் பிடுங்கினேன். வேர்கள் இடைப்பட்ட மாதங்களில் இன்னும் உறுதிப்பட்டிருந்தன. குறட்டை நன்றாக அழுத்த வேண்டியிருந்தது. ஐந்தாவதாக ஒரு சிறுமி ஏறி உட்கார்ந்தாள். ஏழு வயதிருக்கும். அவளுடைய தாய் வயிற்றுப் பிள்ளைக்காரி, கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு வலியே இல்லைங்களே மிஸி. அன்னைக்கி நீங்க அடச்சதுலருந்து நல்லாத் திங்குது. எதுக்குங்க புடுங்கணும்?"

சொல்ல வேண்டிய பதிலை முந்திய நாளே தயாரித்து வைத்திருந்தேன். "பின்னால வலிக்கும் அக்கா. வலி வந்தப்பறம் வந்தா கஷ்டம்."

"பின்னாலயா?"

"ஆமா."

அவள் யோசித்தாள். வெளியே லொறியின் கோர்ன் அடித்தது. மழை வருமுன் கிளம்ப வேண்டும் என்று சாரதி அவசரப்படுத்தினான். வேண்டாம் என்று இவளும் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். சொல்லியிருந்தால் நான் குறட்டைக் கீழே வைத்திருப்பேனா என்று என்னால் இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"மிஸி நம்ம நல்லதுக்குத்தான் சொல்லுவாங்க" என்று அவள் மகளின் தலையைத் தடவினாள். "தெற சாமி."

பிள்ளை வாயை அகலமாகத் திறந்தாள்.